பல்லக்காவும் கொக்கு மார்க் பேனாவும்

பழைய பேனாவின் கழுத்தை வெந்நீரில் நனைத்தெடுத்து, துணியால் பிடித்து மெல்லத் திருகுகிறார் பல்லக்கா. "வலிக்காது, வாயைத் தொற" என்று அதனிடம் சொல்லவும் செய்கிறார்.

எங்கள் எதிர் வீட்டுக்காரர். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். அதனால் தெருவே வைத்த பெயர் அது. அவரும் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். "அந்தக் கீழ்வரிசைக்காரர் ரொம்ப இளைச்சுட்டாரே" என்பார். பேசும்போது நம் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் கொஞ்சம் மிரளத்தான் செய்வார்கள்.

சாயங்காலம் அதே மேசை, அதே கருவிகள், பல்லுக்குப் பதில் பேனா. போன மாதம் பழைய சாமான் கடையில் அள்ளி வந்ததில் ஒரு பச்சைப் பேனா அவரைப் படுத்தி எடுத்தது. ஏதோ கம்பெனி விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்தது. மை ஊற்றினால் சளி பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி ஒழுகியது. உடம்பில் மயிரிழை போல ஒரு விரிசல். பல்செட்டுக்கு ஈறு செய்கிற பசையால் அதை அடைத்தார். பச்சையில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. "ஈறு வெச்சுட்டேன். இனிமே கடிக்கும்" என்றார்.

மங்கிக் கிடந்த எழுத்துகளின் மேல் பவுடர் தடவித் துடைத்தபோது வாசகம் தெரிந்தது: 'கொக்கு மார்க் குழாய்கள். ஒரு சொட்டும் கசியாது.'

அக்கா சிரித்த சிரிப்பில் அவர் கணவர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். அக்கா அந்தக் கம்பெனியைத் தேடக் கிளம்பியதும், "பேனாவுக்குப் பொறந்த வீடு தேடுறியா?" என்றார்.

"ஆமா. பொண்ணு இப்ப நல்லா இருக்கான்னு சொல்லிட்டு வர வேணாமா?"

குழாய்க் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். ஒரு கடைக்காரர் பேனாவைக் கண்டதுமே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "தள்ளி வைங்கம்மா. என் நல்ல சட்டையெல்லாம் இதுலதான் போச்சு. கம்பெனிய எப்பவோ மூடிட்டாங்க. இதை வாங்கிக் குடுத்த மேனேஜர் பக்கத்துத் தெருவுலதான் இருக்கார். மார்க்கெட்டே அவரைச் 'சொட்டு சார்'னுதான் கூப்பிடும்."

துணைக்கு நானும் போனேன். கதவைத் திறந்த பெரியவர் பேனாவைப் பார்த்ததும் முகம் சுருங்கினார். "கிண்டல் பண்ண வந்தீங்களா?"

"இல்ல சார். சரி பண்ணிக் கொண்டாந்திருக்கேன். எழுதிப் பாருங்க."

உட்காரச் சொன்னார். "குழாய் நல்ல குழாய்ம்மா. ஒண்ணுகூடத் திரும்பி வரல. சல்லிசா கெடைக்குதேன்னு இந்தப் பேனாவ நான் வாங்கப்போய், கம்பெனி மானமே போச்சு."

"இன்னிக்கு வரைக்கும் இந்த வீட்டுல பென்சில்தான்" என்றார் டீ கொண்டுவந்த அவர் மனைவி.

செய்தித்தாள் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைக் கவிழ்த்துப் பிடித்தார். உதறினார். தரையில் ஒன்றும் விழவில்லை. இளஞ்சிவப்புக் கோட்டைத் தடவி, "இது என்ன?" என்றார்.

"ஈறு சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானே வெச்சுக்கட்டுமா?"

"உங்களுதுதானே."

மூடியைத் திருகி, தன் வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவைத் தலைகீழாகப் போட்டு, மேலே ஒரு தட்டும் தட்டினார். டீ குடித்து முடிக்கும்வரை அக்காவின் பார்வை அந்தப் பையை விட்டு நகரவில்லை.

வாசலைத் தாண்டியதும், அதுவரை இறுக்கி வைத்திருந்த இடது கையை விரித்தார். உள்ளே ஒரு பஞ்சு உருண்டை. அதைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு நடந்தார்.