துப்பட்டாவோடு விட்ட அம்பு

எங்கள் கோச் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல மனிதர்தான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தபோது மூங்கில் வில் பழகினேன். அந்த வில்லில் குறிபார்க்கக் கருவி எதுவும் கிடையாது. அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு. நாணைத் தாடை வரை இழுத்து நிறுத்தி விரல்களைத் தளர்த்தினால் போதும், நாண் தானாக நழுவிப் போகும். வெடுக்கென்று விட்டால் அம்பு கோணும். இதை மட்டுமே கோச் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார். விரல் தோல் உரியக்கூடாது என்று, காளவாசலில் செருப்புத் தைப்பவரிடம் தானே போய் நின்று ஆளுக்கொரு தோல் துண்டு வெட்டி வாங்கிவந்தார். வில் பிடிக்கிற கையில் நாண் அடிக்காமல் இருக்கத் தோல் பட்டை உண்டு. அதைக் கட்டாமல் யாராவது வில்லைத் தொட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நெஞ்சைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை.

எனக்கு நாண் அங்கேதான் பட்டது. முதல் அடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிக்கும்போது பார்த்தால் கன்றிப்போய் நீலம். போதாததற்கு, டி-சர்ட்டுக்கு மேல் துப்பட்டா போட்டே ஆகவேண்டும் என்றது கல்லூரி. "இடைஞ்சலா இருந்தா ஒதுக்கிப் பின் குத்திக்கம்மா" என்றார் கோச், தரையைப் பார்த்துக்கொண்டே. குத்திக்கொண்டேன். அடிக்குப் பயந்து, விடுகிற நேரத்தில் தோளைப் பின்னால் இழுக்கிற பழக்கம் வந்தது. அதற்கும் அவரிடமே திட்டு வாங்கினேன்.

மாவட்ட அணித் தேர்வில் ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு நானும் இன்னொருத்தியும். கடைசி அம்பை நன்றாகத்தான் இழுத்தேன், தோளை அசைக்கவில்லை. நாண் துப்பட்டா மடிப்பில் சிக்கியது. அம்பு கொஞ்ச தூரத்திலேயே மண்ணில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். இடம் அவளுக்குப் போனது.

மறுநாள் வில்லைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கோச் பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் ஒரு கட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். ஒரு பக்க நெஞ்சை இறுக்கி மூடுகிற வலைத்துணிக் கவசங்கள். சின்னது, பெரியது என்று எல்லா அளவிலும் இருந்தன.

"இது எப்ப வந்துச்சு சார்?"

"வில்லோட சேந்து வந்ததுதாம்மா."

"கைக்கு, விரலுக்கு அம்புட்டு பாத்தீங்களே சார். இத ஏன் குடுக்கல?"

"பொம்பளப் புள்ளைககிட்ட எப்படிம்மா எடுத்து நீட்டுறது? கூச்சமா இருந்துச்சு."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். கூச்சப்பட்டது அவர், அடி வாங்கியது நான். "மேசையில வச்சிட்டு வெளிய போயிருக்கலாமே சார், நாங்களே எடுத்துக்கிட்டிருப்போம்" என்றேன். அவர் பீரோவைச் சாத்தினார்.

"விடும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

எனக்குக் கல்லூரியில் அந்த வருடமே கடைசி. அது அவருக்கும் தெரியும்.