வேலை செய்த பொடி

என் தம்பி மேக்ஸ்வெல் பதினோரு வருடமாக எடை தூக்குகிறான். பகலில் கார் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை, சாயங்காலமானால் மண்டி மொஹல்லாவில் ஒரு மளிகைக் கிடங்கின் மாடியில் இருக்கும் ஜிம். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாது. ஜிம்மில் பாதிப் பேர் ஊசி போட்டு உடம்பை ஊதவைத்தபோது இவன் மட்டும் "நான் நேச்சுரல்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நான் ஜூலி, அவனுக்கு மூத்தவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பூசை முடிந்து வந்ததும் என் தையல் டேப்பை எடுத்து நீட்டி, கையை அளக்கச் சொல்வான். மூன்று வருடமாகப் பதினைந்து அங்குலத்திலேயே நின்றது. தசராவுக்கு நடக்கும் ஆணழகன் போட்டியில் மேடையேற அது போதாதாம். ஆண்களின் ஹார்மோனை இயற்கையாகவே கூட்டும் என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கி விழுங்கினான். அஸ்வகந்தா மாத்திரை, வெந்தயச் சத்து, நெருஞ்சிப் பொடி. நான் சும்மா விடவில்லை. தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் பார்த்தேன். எண் அசையவே இல்லை.

"அஸ்வகந்தால சிலருக்குக் கொஞ்சம் ஏறும்னு சொல்றாங்க. தூக்கம் வேணா நல்லா வரும். அஷ்டே, அவ்வளவுதான். கை பெருக்கறதெல்லாம் இதுங்களால ஆகாதுடா," என்றேன்.

"சும்னே மனச ஒடைக்காதக்கா," என்று எழுந்து போனான்.

அந்த ஜனவரியில் ஜிம் நடத்தும் கிரண் அவனுக்கு ஒரு வெள்ளைப் பொட்டலம் கொடுத்தான். குண்டலுபேட்டைப் பக்கத்தில் யாரோ ஒரு வைத்தியர் காட்டு வேர் இடித்துச் செய்வதாம். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. இதுவும் வெறும் மண்பொடிதான் என்று நான் கேலி செய்தேன். மார்ச் மாதம் கையை அளந்தேன். பதினாறேகால்.

அவன் சிரித்தான். நான் டேப்பை மறுபடி சுற்றி அளந்தேன். அதுவரை அவன் தின்ற பொடிகள் ஒன்றும் செய்யவில்லை, அதனால் நானும் நிம்மதியாகத் தூங்கினேன். எந்த வேரும் இரண்டே மாதத்தில் ஒன்றேகால் அங்குலம் கொடுக்காது. முதுகு முழுக்கக் கொப்புளம் வேறு. ஒரு தட்டு கீழே விழுந்தாலும் மனைவி மோலியிடம் எரிந்து விழுந்தான்.

"ரத்தம் குடுடா, ஒரு தடவை பாத்துடறேன்."

"வேலை செய்யலேன்னா கேலி பண்ற. வேலை செஞ்சா சந்தேகப்படற. என்னக்கா நீ?"

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் வாயை மூடிக்கொண்டேன். அப்படிச் செய்திருக்கக்கூடாது.

மோலி பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. ஏப்ரலில் இருவரும் டாக்டரிடம் போனார்கள். ஏதாவது மருந்து, ஊசி எடுக்கிறீர்களா என்று டாக்டர் அவனைக் கேட்டாராம். இல்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை. வேர்ப்பொடி ஒரு மருந்து என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. விந்துப் பரிசோதனையை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினான். அந்தத் தோளையும் மார்பையும் பார்த்து யார்தான் அவசரப்படுத்துவார்கள்? எல்லாரும் மோலியைத்தான் பார்த்தார்கள். மாத்திரை, ஸ்கேன், பிறகு வயிற்றில் ஊசி. தனக்கே குத்திக்கொள்ளப் பயம் என்று என்னைத்தான் கூப்பிடுவாள்.

ஜூலையில் டாக்டர் கறாராகச் சொன்னபிறகு மாதிரி கொடுத்தான். எங்கள் கூடத்துக்கே வந்தது. தம்பியுடையது என்பதால் நான் தொடவில்லை. கூட வேலை செய்யும் அனுப்ரியா மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஒரு உயிரணுகூட இல்லை. அன்றே அவனைப் பிடித்து உட்காரவைத்து ரத்தம் எடுத்தேன். விதைப்பைக்கு வேலை செய் என்று மூளை அனுப்பும் ஹார்மோன் ஏறக்குறைய பூஜ்ஜியம்.

"அந்தப் பொடில ஸ்டீராய்டு கலந்திருக்கான்டா. வெளியிலேருந்து வருதேன்னு உன் உடம்பு கடைய மூடிடுச்சு."

அவன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தான். பிறகு, "திரும்பி வருமா?" என்றான்.

"நிறுத்தினா ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். நிறையப் பேருக்கு வந்துடும். சிலருக்கு வர்றதில்ல. இன்னிக்கே நிறுத்து, டாக்டர்கிட்ட சொல்லு."

"நிறுத்திடறேன். மோலிகிட்ட நானே சொல்றேன்க்கா, ரிப்போர்ட்டையும் நானே டாக்டர்கிட்ட குடுத்துடறேன். ரெண்டு நாள் குடு." பைபிள் மேல் கை வைத்துச் சொன்னான். நான் நம்பினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மோலி போன் செய்தாள். ஊசி போடணும், வாங்க அண்ணி என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவன் இன்னும் சொல்லவில்லை என்று புரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். அவன் ஜிம்முக்குப் போயிருந்தான். தசராவுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

ஊசி மருந்தை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மருந்துக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளைப் பொட்டலம். பாதி தீர்ந்திருந்தது. மழைக்காலத்தில் ஈரம் கட்டாமலிருக்க அங்கே வைத்திருக்கிறான். மருந்தைத் தொடாமல் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து மோலியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு ஊசி வேணாம்மா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர் ஏதாச்சும் சொன்னாங்களா அண்ணி? என்னால ஆகாதுன்னு?"

"உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. முன்னாடி எப்படியோ, இப்ப குறை இதுல இருக்கு. இதத் திங்கறவனுக்குப் பிள்ளை பிறக்காது." எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தாள்.

"சத்துமாவுன்னுதானே அண்ணி சொன்னார்," என்றாள். "தினமும் பால்ல கலக்கிக் குடுக்கறதே நான்தான். இன்னிக்குக் காலைலகூட குடுத்தேன்."