கீழ் வீட்டுக்கு வந்த வயர்லெஸ்

என் கணவர் குவைத்தில் இருந்த வருடங்களில் வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு வயிறு எரியும். அன்றுதான் அவருக்கு விடுமுறை, அன்றுதான் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசுவார். ஆனால் அந்தப் பேச்சு என் வீட்டில் நடக்காது. மாடியில், என் ஓரகத்தி வீட்டில் நடக்கும். ஓரகத்தி என்றால் அவருடைய அண்ணன் மனைவி.

வேங்கிக்காலில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு. மேலே அவர்கள், கீழே நான். பிராட்பேண்ட் மேலே மட்டும்தான். வெள்ளி சாயங்காலம் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு படியேறிப் போவேன். எனக்கு முன்னாலேயே அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நான் டவுனிலிருந்து நடந்தே வந்தது, மோட்டார் பழுதானது, என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது எல்லாவற்றையும் அவளே சொல்லி முடித்துவிடுவாள். நன்றாகவும் சொல்வாள், அதுதான் கொடுமை. கையை ஆட்டி, என்னைப் போலவே பேசிக் காட்டுவாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு, "இந்தாம்மா, நீ பேசு" என்று நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நிற்பாள். எனக்கு மிஞ்சுவது "சாப்டீங்களா" மட்டும்தான்.

என் அம்மாவின் கண்ணைப் பற்றி என் புருஷனிடம் சொல்ல இவள் யார்? நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு என்மேல் துளி வன்மம் கிடையாது. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அண்ணன் லேப்டாப் வாங்கியதும் மாடிக்கு வயர்லெஸ் பெட்டி வந்தது. அதன் சிக்னல் கீழே என் அறைவரை இறங்கும் என்று தெரிந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். இனி என் கணவரோடு என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும்.

என்னிடம் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருந்தது. கலெக்டர் ஆபீசில் டேட்டா என்ட்ரி வேலை எனக்கு. அங்கே விண்டோஸுக்குப் பதிலாக இருந்த லினக்ஸில் பழகியதால் வீட்டிலும் அதையே போட்டிருந்தேன். டவுனில் வயர்லெஸ் கார்டு வாங்கப் போனபோது கடைக்காரர், "லினக்ஸ்ல இது ஓடாதுங்க. விண்டோஸ் போட்டுக் குடுக்கட்டுமா?" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. கார்டைச் சொருகியதும் கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொண்டது, ஆனால் அதை ஓட்டும் ஃபைல் இல்லை என்றது. அந்த ஃபைல் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட் மாடியில் இருக்கிறது. இனி அவள் வீட்டுப் படியேறக் கூடாது என்றுதான் இத்தனை பாடு. அதற்கும் அவள் வீட்டுப் படியையே ஏற வேண்டியிருந்தது.

"ஆபீஸ் வேலைக்கா" என்று பொய் சொல்லி, பென் டிரைவோடு போய் இறக்கிக்கொண்டு வந்தேன். வேறு கார்டுக்கான ஃபைல். மறுபடி போனேன். இந்த முறை கார்டு சரி, ஆனால் என் லினக்ஸுக்கு அது ஒத்துவரவில்லை. மறுபடியும் போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இப்படி ஏறி எறங்கிட்டிருக்க? இன்னா வேணும்னு சொன்னா நானே எறக்கி வெப்பேன்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன்.

அந்த ஃபைல் வேலை செய்தது. கார்டின் பின்னால் பச்சை விளக்கு மினுக்கியது. கல்யாணச் சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோ சிக்னலை மறைத்ததால் அதைத் தள்ளி வைத்தேன். மாடி வீட்டு இணைப்பு திரையில் வந்தது. வந்து, பாஸ்வேர்டு கேட்டது.

வேறு வழியில்லை. மேலே போய் உண்மையைச் சொன்னேன்.

"நீயேவா பண்ண?" என்றாள். பாஸ்வேர்டைத் துண்டுத் தாளில் எழுதித் தந்தாள். பிறகு, "அப்ப இனிமே வெள்ளிக்கிழம மேல வர மாட்டியா?" என்று கேட்டாள்.

"வருவேன்கா" என்றேன். வர மாட்டேன் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒத்துவராத ஃபைல், பீரோ, பச்சை விளக்கு எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது, எங்கே கையை ஆட்டுவது என்றுகூடப் பழகி வைத்திருந்தேன். அவர் முகம் வந்தது. பின்னால் யாரும் நிற்கவில்லை.

"எங்கேருந்து பேசறேன் தெரியுதா? நம்ம ரூம்லேருந்து" என்றேன்.

"தெரியுமே. அண்ணி இப்பதான் பேசிட்டு வெச்சாங்க. நீ பென் டிரைவ தூக்கிட்டு ஏறி எறங்கினது, ஆபீஸ் வேலைனு சொன்னது, எல்லாம் சொல்லிட்டாங்க. செம சிரிப்பு. உன்னப் பத்தி அவங்களுக்குத்தான் எவ்ளோ பெருமை."

நான் பழகி வைத்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவர், "வேற இன்னா விசேஷம்?" என்றார்.

ஆத்திரத்தில் இருந்ததையே சொல்லிவிட்டேன். "உங்க அண்ணி மேல எனக்குப் பொறாம. ரொம்ப நாளா. அதச் சொன்னாங்களா?"

அவர் கேமராவைப் பார்க்காமல் தலையைச் சொறிந்தார்.

"அதத்தான் மொதல்ல சொன்னாங்க" என்றார்.