படத்தில் போட்ட கையெழுத்து

மேயராவதற்கு முன்பு பதினெட்டு வருடம் அவர் சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர். இவர் இறங்கினால் கயிற்றை மேலே பிடித்திருப்பவர் தங்கையின் கணவர். மைத்துனர் இறங்கினால் இவர் பிடிப்பார். தேர்தலில் இவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே குழிக்குள்ள மனுஷன் இறங்க மாட்டான், மெஷின்தான் இறங்கும்." ஜெயித்தார்.

சினிமாக்காரர்கள் மாநகராட்சிக் கட்டிடத்தின் அகலமான படிக்கட்டுக்காக வந்தார்கள். அனுமதி கேட்க வந்த இயக்குநர் மேயரின் கனத்த மீசையைப் பார்த்து அவரை நீதிபதியாக உட்கார வைத்தார். அடுத்த படத்தில் டாக்டர்: "எங்க கையில ஒண்ணும் இல்லம்மா." பிறகு போலீஸ் அதிகாரி, கல்யாணப் பெண்ணின் அப்பா.

"ஒரு படத்துலயாவது மேயரா நடிங்களேன், பார்க்கலாம்," என்று மனைவி வாரினார். ஐந்தாவது படத்தில் அதுவும் நடந்தது.

அவருடைய அறையிலேயே படப்பிடிப்பு. நேர்மையான மேயர் ஒரு கோப்பைப் படித்து, நிமிர்ந்து பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். மேஜைமேல் கட்டாகக் கிடந்தவற்றில் மேலே இருந்ததை உதவி இயக்குநர் எடுத்து முன்னால் வைத்தார். அது மெஷின் வாங்கும் கோப்பு! மேயருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நிஜக் கையெழுத்தையே போட்டார். ஒரே டேக்கில் ஓகே. எல்லாரும் கைதட்டினார்கள். சாயங்காலம் விளக்குகளும் வயர்களும் வண்டியில் ஏறியபோது, சாமான் பெட்டிக்குள் கோப்பும் ஏறிப் போனது.

பத்து நாள் கழித்து எழுத்தர் வந்து நின்றார். "ஐயா, மெஷின் ஃபைல் இன்னும் கீழ வரலையே?"

"அதான் கையெழுத்துப் போட்டுட்டேனேப்பா. உங்க பிரிவுலதான் இருக்கும், நல்லா தேடுங்க."

அது பொய்யல்ல. எழுத்தர் அலமாரி அலமாரியாகத் தேடினார். மறுபடி கேட்கப் பயம். மேயரோ டப்பிங்குக்குப் போயிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. சந்தைத் தெருவில் அடைப்பு. வீடுகளுக்குள் சாக்கடை நீர். மெஷின் இல்லாததால் பொறியாளர், இன்னும் அதே வேலையில் இருந்த மேயரின் மைத்துனரைக் கூப்பிட்டார். குழிக்குள் விஷவாயு. கயிற்றைப் பிடித்தவர் புது ஆள், இழுப்பதற்குள் தாமதமாகிவிட்டது. உயிர் பிழைத்தது, நுரையீரல் பிழைக்கவில்லை.

உறவினர்கள் விதி என்றார்கள். விதியா கோப்பைப் பெட்டியில் போட்டது? மலக்குழியில் மனிதனை இறக்கிவிட்டு வானத்தைக் காட்டுவது எவ்வளவு சௌகரியம்!

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் மேயருக்கு உறைத்தது, கையெழுத்தை எங்கே போட்டோம் என்று. அன்றே ஸ்டூடியோவுக்கு ஓடினார். அட்டைத் துப்பாக்கிகளுக்கும் பிளாஸ்டிக் பழங்களுக்கும் நடுவே கோப்பு கிடந்தது. அடுத்த மாதம் மெஷின் வந்தது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. எந்தப் படத்திலும் நடிக்கவும் இல்லை.

ஒருநாள் தங்கை வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் படம் டிவியில் ஓடியது. தங்கை அணைக்கப் போனாள்.

"விடு, உங்க அண்ணன் வர்ற சீன் இருக்கு," என்றார் மைத்துனர், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

திரையில் அந்தக் கை கையெழுத்துப் போட்டது. இசை பொங்கியது.

"மச்சான், நடிக்கும்போது எவ்வளவு கரெக்டா வேலை பாக்குறே நீ!"

மைத்துனரின் சிரிப்பு இருமலாக மாறியது. இவர் எழுந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். இருமல் நிற்கவில்லை. திரையில் மக்கள் மேயரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.