அண்ணனுக்குக் கிடைக்காத நுரையீரல்

அண்ணனைப் பற்றித் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுருட்டுக் குடித்துத்தான் நெஞ்சு கெட்டது என்று செத்தவீட்டிலேயே உங்களில் சிலர் கதைத்தீர்கள். இந்த நினைவு மலர் உங்கள் கைக்கும் வரும். நன்றாக வாசியுங்கள்: அண்ணன் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை.

உன்னிச்சையில் பிறந்தார். அப்பா காலமானதும் பள்ளியை விட்டு நெல் ஆலையில் சேர்ந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் ஆண்பிள்ளை தன் கல்யாணத்தை நினைப்பான். தங்கை எனக்கு வீடு எழும்பும்வரை அண்ணன் உமித்தூசுக்குள் நின்றார். வீடு முடிந்து நான் குடிபுகுந்தபோது அவருக்கு வாசல் படலைவரை நடக்கவும் மூச்சுப் போதவில்லை. அந்த வீட்டுக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

பெரிய வைத்தியரிடம் காட்டக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று அம்மா ஒரு காரியம் செய்தார். கண்ணகை அம்மன் கோயிலில் நூல் வாங்கிவந்து, அண்ணனின் கைக்குக் கட்டியது போதாதென்று, அவர் மூச்சுக்கு வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டருக்கும் காப்புக் கட்டி, மஞ்சள் துணியால் சுற்றி, வேப்பிலையும் செருகிவிட்டார். மகனின் உயிர் அதற்குள் இருக்கிறதாம். நாங்களும் அதை அப்படியே வான் வண்டியில் ஏற்றினோம்.

வாவியைக் கடக்கும் பாலத்தடியில் இராணுவச் சென்றி, வாகனங்களை மறித்துச் சோதிக்கும் இடம். துணி சுற்றிய இரும்பைக் கண்டதும் குண்டென்று துப்பாக்கிகள் நிமிர்ந்தன. சிலிண்டரை வானிலேயே விட்டுவிட்டு எல்லோரையும் தூரப் போகச் சொன்னார்கள். குழாயைக் கழற்றிய அண்ணன் வெயிலில் குந்தினார். உதடு நீலம்பாரித்தது. அம்மா வானை நோக்கி ஓடப் பார்த்தார்.

"போகாதீங்க மாமி, சுட்டுப் போடுவானுகள்!" என்று கத்தினார் ஹனீபாக் காக்கா. ஏறாவூர்க்காரர், அண்ணனின் ஆலைக் கூட்டாளி, எனக்கு இன்னோர் அண்ணன் என்பதால் காக்கா, வானை ஓட்டி வந்தவர். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிங்களத்தில் கெஞ்சினார். அவர் மட்டும் போய் அவிழ்க்கலாம் என்றார்கள். அவிழ்த்தார். குழாயை எடுத்து ஒரு சிப்பாயின் கன்னத்தருகே பிடித்தார். வெறும் காற்றுத்தான் என்று கண்ட பிறகே அவன் கையசைத்தான்.

வானில் ஏறி மூச்சு வந்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை: "திரும்பி வரக்குள்ள அதுக்குப் பொட்டும் வெச்சிராதீங்கம்மா."

கொழும்பில் வைத்தியர் ஒளிக்கவில்லை. இரண்டு நுரையீரலும் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் போலாகிவிட்டன, மருந்து கேட்காது, இன்னொருவரின் நுரையீரலைப் பொருத்துவதுதான் ஒரே வழி. இங்கே அது நடப்பதில்லை, இந்தியாவில் தொடங்கியிருக்கிறார்கள். மூளை இறந்து இதயம் மட்டும் துடிக்கிற ஒருவர், இரத்தமும் நெஞ்சின் அளவும் பொருந்திக் கிடைக்கும்வரை அங்கே காத்திருக்க வேண்டும் என்றார்.

எதற்கெடுத்தாலும் நேர்த்தி வைக்கிற அம்மா இதற்கு மட்டும் நேர்த்தி வைக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் அண்ணனிடம் கேட்டார்: "அம்மாளாச்சியிட்ட என்னண்டு மனே கேக்குற? ஆர்ர பிள்ளையத் தா எண்டு கேக்குற?"

அண்ணன் கையிலிருந்த காப்பு நூலைத் தடவினார். பிறகு, "எனக்கும் அது பயம்தாம்மா. ஆனா எனக்கு வாழ ஆசையா இருக்கு" என்றார். அண்ணன் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கண்டது அன்றுதான்.

பாஸ்போட் எடுத்தோம். பயணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சண்டை மூண்டது; கொழும்புப் பாதையை மூடிவிட்டார்கள். அண்ணனுக்கு மூச்சு முட்டி, ஹனீபாக் காக்கா எப்படியோ எங்களை டவுண் வைத்தியசாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஷெல் விழுந்து காயப்பட்டவர்கள் விறாந்தைவரை கிடந்தார்கள். மூச்சுவிட வைக்கும் இயந்திரமெல்லாம் அவர்களுக்கே போதவில்லை. அண்ணனின் தொண்டைக்குள் குழாயை விட்டு, அதில் ஒரு ரப்பர்ப் பையைப் பூட்டி, தாதி அதை என் கையில் தந்தார்.

"அமத்துங்க, விடுங்க. பாதை திறந்ததும் கொழும்புக்கு ஏத்துவம். அதுவரைக்கும் நிப்பாட்டிராதீங்க."

அமத்தினேன். கை விறைத்ததும் ஹனீபாக் காக்கா வாங்கினார். அவரும் களைத்தபோது, பக்கத்துக் கட்டிலில் தன் மகன் கால் போய்க் கிடக்க, ஒரு தாய் எழும்பி வந்தார். "விடு பிள்ள, நான் அமத்துறன்." பிறகு இன்னொருவர். காயக்காரரைப் பார்க்க வந்தவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். அண்ணன் கண் திறந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

பாதை திறக்கிறது என்று செய்தி வந்தபோது பை அம்மாவின் கையில் இருந்தது. அதற்குள் இதயம் நின்றுவிட்டது. வைத்தியர் "காணும்மா, இனிப் போதும்" என்றார். அம்மா விடவில்லை.

"நான் நிப்பாட்டினா நானல்லவா பிள்ளையச் சாகடிச்சதா முடியும்!"

ஐயோ, அந்தக் கையைத் தொட எங்கள் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஹனீபாக் காக்காதான் தன் கையை அதன்மேல் வைத்தார். "அவன் போயிட்டான் மாமி. நீங்க நிப்பாட்டல்ல."

இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினருக்கும், களுவாஞ்சிக்குடியிலிருந்து சென்றிகளைத் தாண்டி வந்த சொந்தங்களுக்கும், ஹனீபாக் காக்கா குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. அந்த வார்டில் நின்றவர்களுக்கு எப்படிச் சொல்வேன்? உங்கள் பெயர்கூடத் தெரியாது. இறந்த ஒருவரின் நுரையீரலுக்குக் காத்திருந்த அண்ணன், உயிரோடிருந்த உங்கள் கைகளால்தான் கடைசியாக மூச்சு விட்டார். இந்த மலரை வைத்தியசாலை வாசலிலும் கொடுக்கப் போகிறேன். அன்று கை வலித்த யாராவது வாசித்தால், உன்னிச்சையில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு நேரம் சாப்பிட்டுப் போங்கள். அம்மா உங்கள் கைகளைப் பார்க்க வேண்டும் என்கிறார்.