கிபிரா, மிக்கா

என் அலுமாரியின் மேல் ஒரு கிபிர் நிற்கிறது. சண்டை விமானத்தின் மொடல். முழங்கை நீளம், சாம்பல் நிறம், முக்கோணச் சிறகு. காற்றை இழுக்கும் வாய்களுக்குப் பக்கத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டிச் சிறகுகள் இருக்கவேண்டும். இடப்பக்கத்தது இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பொட்டுப் பசை காய்ந்து மஞ்சளித்துக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வீடு கூட்டும்போது அதற்கும் தூசி தட்டுகிறேன். தட்டும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. எத்தனையோ தடவை குப்பைப் பையின் வாய் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். எறிய முடியவில்லை என்பதுதான் அந்த எரிச்சலில் பாதி.

அதைக் கொழும்பில் வாங்கி வந்தவர் என் மச்சான், என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். மச்சான் அட்டாளைச்சேனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஓர் உடுப்புப் பெட்டியும் ஒரு கட்டுப் புத்தகமும் கொண்டுவந்தார். கட்டில் இருப்பது மார்க்கப் புத்தகம் என்று நினைத்த உம்மா, மாப்பிள்ளை ஓதுகிற ஆள் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி, அதைக் குர்ஆன் வைக்கும் தட்டிலேயே வைத்துவிட்டார். பிறகு அவிழ்த்துப் பார்த்தால் முழுக்கச் சண்டை விமானங்களின் படம். உம்மா முகத்தைத் தொங்கப்போட்டார். ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாப்பா அவருக்குக் கடற்கரை வீதியில், வீட்டின் முன்பக்கமாகவே ஒரு வலைக்கடை போட்டுக் கொடுத்தார். நைலோன் நூல், மிதப்பு, ஈயக்குண்டு, தூண்டில் எல்லாம் இருந்தன. ஆனால் அந்தக் கடை விறாந்தையில் அதிகம் விலைபோனது கதைதான். பாண்டிருப்பிலிருந்து மாஸ்டர் சைக்கிளில் வந்து இறங்குவார். தமிழ்ப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவர், மச்சானைப் போலவே இந்தப் பைத்தியம் பிடித்தவர். நெல் மில் ஹாஜியாரும் வருவார். அவருக்கு விமானத்தில் ஒரு மண்ணும் தெரியாது, ஓசித் தேத்தண்ணிக்கு வருகிற ஆள். மூவரும் உட்கார்ந்தால் வலை வாங்க வந்தவன் தானே அளந்து, தானே வெட்டி, காசை மேசையில் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

கிபிர் எங்கே பிறந்தது என்பதில் மட்டும் ஒரு வருஷம் ஓடியிருக்கும். "மாப்புள பிரான்சுக்காரன். சீதனம் அமெரிக்காட என்ஜின். தரகன் இஸ்ரவேல். முடிச்சி வந்து இரிக்கிறது நம்மட ஊட்ட" என்று மச்சான் சொல்வார். "அந்தத் தரகன்ட பேரைச் சொல்லி என்ட தேத்தண்ணியைக் கெடுக்காத மனே" என்று ஹாஜியார் கோப்பையைக் கீழே வைப்பார், ஆனால் மிச்சம் வைக்கமாட்டார். அழகில் கிபிருக்கு நிகர் இல்லை என்பது மச்சானின் கட்சி. மாஸ்டருக்கு ரஷ்யாக்காரனின் மிக். அதன் மூக்கு வாத்து மூக்குப் போல் இருக்கிறதே என்று கேலி பண்ணினால், "வடிவைக் கொண்டுபோய் உலையிலயா போடுற? சிறகை மடக்கி விரிக்குது பாருங்க, உங்கட கிபிர் செய்யுமா?" என்பார். கிபிரைப் புதுப்பித்து வேறு வகையாக விட்டிருக்கிறார்கள், என்ஜினின் இழுவை கூடியிருக்கிறது என்று மச்சான் ஒரு படத்தைக் காட்டினால், பழைய சேட்டுக்குப் புதுப் பொத்தான் தைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று மாஸ்டர் மடக்குவார். முதலில் வந்த கிபிருக்குக் குட்டிச் சிறகுகள் கிடையாது, பிறகுதான் வைத்தார்கள் என்பதெல்லாம் இப்படி அடுப்படியில் நின்றபடி என் காதில் விழுந்த அறிவு. எனக்கு ஏன் இது தெரிந்திருக்கவேண்டும், சொல்லுங்கள்?

ஊரில் மற்ற எவருக்கும் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் கதைக்கிற எங்களுக்கு வானத்தில் இரைந்துகொண்டு போவதெல்லாம் கிபிர்தான். மிக்கும் கிபிர், சீனாக்காரனின் விமானமும் கிபிர். அப்படிச் சொல்லி அந்த விறாந்தையில் மாட்டியவனுக்கு அன்றைய தொழில் போனது. ராத்தா வேண்டுமென்றே சொல்வாள். காகம் பறந்தாலும், "உங்கிட கிபிர் போகுது, ஓடி வந்து பாருங்க" என்பாள். "இதையே கலியாணம் முடிச்சிருக்கலாமே, என்னை என்னத்துக்கு முடிச்சீங்க" என்றும் கேட்பாள். மச்சான் கோபிப்பதுபோல் பார்ப்பார். கோபம் வராது அவருக்கு.

பெயர் எதுவானாலும் அந்தச் சத்தத்துக்கு எங்களிடம் ஒரே பழக்கம்தான் இருந்தது. கேட்டால் உள்ளே ஓடு, கூரையின் கொங்கிரீட் தட்டுக்குக் கீழே போ, குப்புறப் படு. சண்டைக்குள் வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் திருப்பிச் சொல்லவேண்டியதில்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிறு காலையில் நான் ராத்தாவின் மகளைக் குர்ஆன் மதரசாவில் விடப் பிரதான வீதிப் பக்கம் போயிருந்தேன். அதனால் நானும் அவளும் இருக்கிறோம். உம்மாவும் வாப்பாவும் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்கள். கடை விறாந்தையில் நடந்ததை மாஸ்டர்தான் பிறகு சொன்னார். யுத்த நிறுத்தக் காலம். விமானச் சத்தம் கேட்டே எவ்வளவோ நாளாகியிருந்தது. அன்று மாஸ்டர் ஒரு புதுச் சஞ்சிகை கொண்டுவந்திருக்கிறார். இருவரும் அதற்குள் தலையை விட்டிருந்தபோது கிழக்கே ஓர் இரைச்சல் எழும்பியிருக்கிறது. கடைக்கு எதிரே மதில், மதிலுக்கு அப்பால் தென்னைகள், கடல் தெரியாது. இருவரும் எழும்பி வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். மிக் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். இல்லை, கிபிர் என்று மச்சான். மேகத்துக்கு மேலே போகிறது, அதுதான் தெரியவில்லை என்று ஒருவர். இவ்வளவு கனத்த சத்தம் கிபிருக்கு வராது என்று மற்றவர். ராத்தா ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, "என்னங்க இது சத்தம்?" என்று கேட்டிருக்கிறாள். அன்று அவள் பகிடியாகக் கேட்கவில்லை. மச்சான் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "கிபிர் புள்ள. உள்ளுக்குப் போ" என்றிருக்கிறார்.

அவள் உள்ளுக்குப் போனாள்.

மச்சானைப் பள்ளிவாசல் சுவரோடும் மாஸ்டரை ஒரு மாமரத்தோடும் தண்ணீர் கொண்டுபோய் ஒட்டியது. வீட்டில் கொங்கிரீட் தட்டு மட்டும் நின்றது. அதற்குக் கீழே இருந்த ராத்தாவை இரண்டாம் நாள்தான் எடுத்தோம். அதைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

நாங்கள் அகதியாகப் பாடசாலை வகுப்பறை ஒன்றில் இருந்தபோது, யாரோ சேற்றிலிருந்து இந்த மொடலை எடுத்து வந்து மச்சானிடம் கொடுத்தார்கள். இடப்பக்கத்துக் குட்டிச் சிறகு போயிருந்தது. மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப இது பழைய வகையும் இல்ல, புது வகையும் இல்ல" என்றார். "மற்றதையும் கழட்டினாப் பழசு ஆகும்" என்றார் மச்சான். "ஆகாது, மூக்கு வேற" என்றார் மாஸ்டர். அல்லாஹ்வே! ராத்தாவை அடக்கிய மண் காயவில்லை, மகள் என் மடியில் காய்ச்சலோடு கிடக்கிறாள், இவர்கள் இருவரும் மூக்கைப் பற்றிக் கதைக்கிறார்கள். கையிலிருந்த தேத்தண்ணியை ஊற்றிவிட்டு, மகளையும் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனேன். கத்தியிருக்கலாம். அந்த வகுப்பறையில் இன்னும் ஒன்பது குடும்பம் இருந்தது.

சண்டை மறுபடியும் தொடங்கியதும் விமானங்களும் திரும்பி வந்தன. எங்கள் வீட்டுக் காணித் துண்டில் இனிக் கட்டவிடமாட்டோம், கடலுக்குக் கிட்ட என்று அரசாங்கத்தார் சொல்லிவிட்டார்கள். நாங்கள் உள்பக்கமாகத் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தோம். சத்தம் கேட்டதும் நானும் மகளும் உள்ளே ஓடுவோம். மச்சான் வெளியே ஓடுவார். முற்றத்தின் நடுவில், கண்ணை மூடி, தலையைச் சரித்துக்கொண்டு நிற்பார். சத்தம் அடங்கிய பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போவார், அல்லது மாஸ்டர் இங்கே வருவார். இப்போது பிறப்புமில்லை, வடிவுமில்லை, புதுப்பிப்புமில்லை. ஒரே கேள்விதான். இன்று போனது கிபிர்தானே, அன்றைக்குக் கேட்டதும் இதே மாதிரித்தானே? மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுவார். "இல்ல. அண்டைக்குக் கேட்டது கிபிர் சத்தம் இல்ல. அப்பவும் சொன்னன்தானே."

எனக்கு அந்த மனிதரின் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. ஒரு நாள் வெளிவாசல் படலை வரைக்கும் பின்னால் போய் மறித்தேன்.

"மாஸ்டர், ஒரு தடவை ஓம் எண்டு சொன்னா உங்கட வாய்ல முத்தா கொட்டிரும்? அந்த மனிசன் சோறு தின்னுறல்ல."

"இல்லாததை எப்படித் தங்கச்சி சொல்ற?" என்றார். "நான் ஓம் எண்டு சொன்னா அவருக்குத் தெரியும், சும்மா சொல்றன் எண்டு."

"கிபிரோ மிக்கோ, ரெண்டுக்கும் உள்ளுக்குத்தானே போகச் சொல்லியிருப்பீங்க! ரெண்டும் ஒண்டுதானே!"

மாஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். விமானப் பைத்தியங்களுக்கு நட்பை விட நியாயம் பெரிது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அவருடைய அக்கா வன்னியில் கலியாணம் முடித்து, முல்லைத்தீவுப் பக்கம் இருந்தார். சண்டையின் கடைசி மாதங்களில் மாஸ்டர் எங்கள் பக்கம் வருவது குறைந்தது. வந்தாலும் விமானத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. மச்சான் கேட்பதும் நின்றது. மேலே சத்தம் போனால் இருவரும் நிலத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். எத்தனையோ வருஷம் எப்போது நிறுத்துவார்கள் என்று நான் காத்திருந்த கதை நின்றுபோனது. எனக்கு அதில் ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை.

சண்டை முடிந்தது என்று றேடியோவில் சொன்ன நாளில் கடைத்தெருவில் சிலர் வெடி கொளுத்தினார்கள். சில வாரங்களில் மாஸ்டரின் அக்காவைப் பற்றிய செய்தி வந்தது. மச்சான் என்னையும் மகளையும் கூட்டிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனார். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். மாஸ்டர் மெலிந்து, தாடியோடு இருந்தார். தப்பி வந்த மருமகன் சொன்னதாகச் சொன்னார். "சத்தம் கேட்டவுடன அக்கா பங்கர் குழிக்குள்ளதான் ஓடினவ. எல்லாம் சரியாத்தான் செஞ்சவ. பங்கர் மேலயே குண்டு விழுந்திருக்கு." பிறகு மச்சானைப் பார்த்து, "அண்டைக்குக் கேட்டது கிபிர் மாதிரித்தான் இருந்திச்சி. நான்தான் புடிவாதமா நிண்டுட்டன். நீங்க சொன்னது சரி" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு காலம்! மச்சானின் முகத்தைப் பார்த்தேன்.

"இல்ல மாஸ்டர்" என்றார் மச்சான். "கிபிர் இல்ல. எனக்கு அண்டைக்கே தெரியும். என்ன சத்தம் எண்டு விளங்கல்ல, ஆனா கிபிர் இல்ல எண்டு தெரியும். நீங்க மிக் எண்டு சொன்ன படியாத்தான் நான் கிபிர் எண்டன். அவ வந்து கேட்கக்குள்ளயும் விட்டுக் குடுக்க மனசு வரல்ல."

மாஸ்டர் அவருடைய கையைப் பிடித்தார். மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை. ஒரு சண்டையில் வெல்வதற்காக மனிதன் சொல்லிவிடுகிற ஒரு சொல். அந்த விறாந்தையில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன சொல்தான். மற்ற நாளெல்லாம் அதனால் ஓர் எறும்புகூடச் சாகவில்லை. அன்றைக்கு மட்டும் ஏன்? இதை நான் தொழுகையிலும் கேட்டிருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மொடலை என் கையில் தந்து, "மச்சி, இதை எங்கயாவது போடு" என்றார். நான் போட்ட இடம் அலுமாரிக்கு மேல்.

மகளுக்கு இப்போது கலியாணமாகி, வேறு காணியில் நாங்கள் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாள். மச்சானும் நானும் அவளோடுதான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். சுதந்திர தினம் கிட்ட வந்தால் ஒத்திகைக்கோ எதற்கோ எப்போதாவது ஒரு விமானம் கரையோரமாக இரைந்துகொண்டு போகிறது. இடி இடித்தாலும் சரி, மணல் லொறி தட்டைக் கவிழ்த்தாலும் சரி, மச்சானுக்கு எல்லாம் ஒன்றுதான். "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டு அறை அறையாக ஓடுகிறார். தொழுகிறவரையும் விடமாட்டார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. அடுப்பில் கறி கருகும், எனக்குப் பத்திக்கொண்டு வரும். "ஒண்டுமில்ல மச்சான், பிளேன்தான் போகுது" என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டார். என்ன பிளேன் என்று ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கமாட்டார். படலையில் நின்று கிழக்கே, கடல் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நானும் அகப்பையோடு போய் முற்றத்தில் நிற்கிறேன். மகள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நாங்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம் என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வருகிறது. உள்ளே அலுமாரியின் மேல் அந்தக் கிபிர் மட்டும் இருக்கிறது.