கோட்டுசூட்டு உடம்பு

பட்டப்படிப்பை முடித்த பிறகு, மதுராந்தகம் பேருந்து நிலையத்துக்கு அருகே நண்பன் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடையில் கணினி முன் அமர்ந்தேன். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் என எது வந்தாலும் பேனரை வடிவமைப்பது என் பொறுப்பு. வேலை பிடித்திருந்தது. ஆனால் முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அந்தக் கடைக்கு நண்பன் ஒருவனே போதும். ஆகவே ஓர் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினேன். உலகெங்கும் உள்ள வாடிக்கையாளர்கள் தங்கள் தேவையை அங்கே அறிவிப்பார்கள். வடிவமைப்பாளர்கள் விலை சொல்லிப் போட்டியிடுவார்கள். பொங்கலுக்குள் அதில் ஒரு வேலையையாவது முடித்து நற்பெயர் வாங்காவிட்டால், மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தேன்.

அந்தத் தளத்தில் முதல் படிதான் உயரமானது. முந்தைய வாடிக்கையாளரிடம் மதிப்பெண்ணாக நட்சத்திரம் வாங்கியவருக்கே வேலை தருகிறார்கள். வேலை செய்தால்தான் நட்சத்திரம் கிடைக்கும். அடிமாட்டு விலை கேட்டு உள்ளே நுழைவது பலரும் கண்ட வழி. நான் அப்படிக் கேட்டால், அதே தொழிலில் குடும்பம் நடத்தும் இன்னொருவரின் விலையும் சேர்ந்து இறங்குமே என்று மனம் வரவில்லை. மாறாக, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நீளமாகவும் பொறுப்பாகவும் எழுதினேன். நண்பன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான்.

“இன்னா மச்சான், தாசில்தாருக்கு மனு எழுதிகினு கீறியா?”

“விவரமா சொன்னாதான நம்புவாங்க?”

“நீ முடிக்கறதுக்குள்ள அந்தாளு கடைய மூடிட்டு வூட்டுக்குப் பூடுவான். பேசாம நான் வெளிநாட்டுக்காரன் மாதிரி ஒரு அக்கவுண்ட் தொறக்கறேன். உனக்கு வேல குடுத்து அஞ்சு ஸ்டார் குத்தறேன். மேட்டர் ஓவர்.”

“அத நம்பி வர்றவன் ஏமாந்துடுவான்டா.”

“நீ நல்லாதான செய்வ? அப்புறம் எங்க ஏமாறுவான்?”

இரவு முழுவதும் அதையே யோசித்தேன். நான் நன்றாகச் செய்வேன் என்றே வைத்துக்கொள்வோம். அதே கதவின் வழியே நன்றாகச் செய்யாதவரும் நுழைவார். பிறகு நட்சத்திரத்துக்கே மதிப்பிருக்காது. மறுநாள் இதைச் சொன்னபோது நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இதுக்கா ராவெல்லாம் யோசிச்ச? சரியான பேஜாருடா நீ.”

கார்த்திகை முடியும் தறுவாயில் ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. ஏதோ ஒரு குளிர்நாட்டுக் கடற்கரை ஊரில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பதி, பெயர்ப்பலகைக்கு வடிவம் கேட்டிருந்தார்கள். அந்தத் தெருவில் மக்கள் நடந்து போவார்களா, வண்டியில் போவார்களா என்று நான் கேட்டிருந்தேன். எங்கள் ஊர் வழியே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்திலிருந்து படிக்கத் தோதாக எழுத்து வைத்துப் பழகியவனுக்கு அது முதலில் தோன்றும் கேள்வி. அப்படிக் கேட்டது நான் ஒருவன்தானாம். வேலை எனக்கே என்று எழுதியிருந்தார் கடைக்கார அம்மையார். கடையின் படத்தையும், வாசலில் இருவரும் நிற்கும் படத்தையும் இணைத்திருந்தார்.

எங்கள் ஊரில் படம் கொடுத்தால் பேனரில் போடத்தான் கொடுப்பார்கள். அவர்கள் நிற்கிற கோலத்திலேயே போடுவதும் மரியாதையாகாது. முகத்தை மட்டும் வெட்டி, கணினியில் ஆயத்தமாக வைத்திருக்கும், கைகூப்பி நிற்கும் உடம்புப் படம் ஒன்றில் ஒட்டுவோம். வெளிநாட்டுக்காரர் ஆயிற்றே என்று ஆழ்ந்து யோசித்து, கணவருக்குக் கோட்டுசூட்டு உடம்பைத் தேர்ந்தெடுத்தேன். பெண்களுக்கு எங்களிடம் பட்டுப்புடவை உடம்பு மட்டுமே இருந்தது. இருவர் தலைக்குப் பின்னும் ஒளிவட்டம் சுழல, மூலைகளில் ரோஜாவைத் தூவி அனுப்பிவைத்தேன்.

“என் கணவர் எங்கள் திருமணத்தன்றுகூடக் கோட்டு அணிந்ததில்லை. புடவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சைக்கிள் எங்கே?” என்று பதில் வந்தது.

கோபமா, கேலியா என்றே தெரியவில்லை. அவர் நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டால் இனி எந்த விண்ணப்பமும் எடுபடாது, பொங்கலும் நெருங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதலில் கேட்டிருக்கவேண்டியதை அப்போது கேட்டேன்: பார்ப்பவருக்கு என்ன தெரிந்தால் போதும்? கடைப் பெயரும் சக்கரமும் போதும் என்றார். வெள்ளைப் பரப்பில் ஒரு சக்கரமும் பெயரும் மட்டும் வைத்தேன்.

“பாதி போர்டு சும்மா கீதே மச்சான்! ரெண்டு மயிலாவது வுடு,” என்றான் நண்பன். விடவில்லை.

மார்கழியில் ஒரு காலை, மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த உணவகம் ஒன்றுக்குப் பேனர் கட்டப் போயிருந்தோம். நண்பன் ஏணியில் நின்றான். கீழே நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. அம்மையாரின் மதிப்புரை: “முதல் வடிவத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டாவதைக் கடை முன் மாட்டிவிட்டோம். சொன்னதைக் கேட்டுத் திருத்துகிறவர்.” நான்கு நட்சத்திரம்.

“மீதி ஒண்ணு எங்க? கேளு மச்சான், வுடாத!” என்று ஏணியிலிருந்து குரல் வந்தது.

“மொதல்ல செஞ்சதுக்கு நாலே அதிகம்டா. நியாயமாதான் குடுத்துக்கீறாங்க.”

“நியாயம் கெடக்கட்டும், கயித்த வுட்றாத! காத்துல நான் பறந்துடுவேன்.”

ஒரு கையால் கயிற்றை இறுக்கிக்கொண்டு மறு கையால் வீட்டுக்கு அழைத்தேன். அம்மா முழுவதையும் கேட்டார்.

“நாலுன்னா பாஸா?”

“பாஸுதான்மா.”

“அப்ப சரி. கம்பெனிக்கு நீ வர்லன்னு உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். கடலாண்டதான கீற, நல்ல மீனா பார்த்து வாங்கினு வா.”